ரெண்டு யானை, ஒரு மண்டை

கோவிந்தராஜ் செத்த விதத்திலும் ஓர் ஒழுங்கு இருந்தது.

இடது பொட்டில் ஓர் அடி. வலது பொட்டில் ஓர் அடி. நடுவில் அவர்!

மத்தியானச் சாப்பாட்டுக்காகக் கடை சாத்தியிருந்தது. டீயோடு மாடி ஏறிய வேலைக்காரி பாப்பம்மா, முதலாளி மேஜைமேல் தலை சாய்த்துத் தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். ரத்தத்தைப் பார்த்ததும் அவள் போட்ட அலறலில் ராபர்ட்சன்பேட்டை பஜாரே வாசலில் கூடிவிட்டது.

கூடியவர்களில் ஒருவர் கண்ணிலும் ஈரம் இல்லை.

எப்படி இருக்கும்? செத்தவர் அப்பேர்ப்பட்ட மனிதர்...

சுரங்கத்தில் தங்கம் தீர்ந்துபோன ஊரில் தங்கம் விற்றவர். 'விகடகவி ஜுவல்லர்ஸ்' முதலாளி. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாக வராத எதையும் அவர் மதித்ததில்லை. கார் நம்பர் 6226. செல்போன் நம்பரும் அதே ஜாதி. நகை வாங்க வந்தவர்களை உட்காரவைத்து 'தேரு வருதே', 'மோரு போருமோ' என்று எடுத்துவிடுவார். அவர்கள் சிரிக்கிறவரை பில் போடமாட்டார்.

மகன் விவேக், பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனிலிருந்து தேஜஸ்வினி என்ற பெண்ணைக் காதலித்துக் கூட்டி வந்தான். ஜாதகம் பார்க்கவில்லை, சீர் கேட்கவில்லை. பெரிய மனசு என்று ஊர் மெச்சியது. பெயரைத் திருப்பிப் படித்தால் வரவில்லை என்று கல்யாணப் பத்திரிகையில் அவளை 'ஜலஜ' ஆக்கிவிட்டார். ஜலஜா இல்லை... ஜலஜ! கன்னடத்தில் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று வியாக்கியானம் வேறு. மருமகள் பெயரின் காலை வெட்டிய மாமனார் இந்த மாவட்டத்திலேயே இவர் ஒருத்தர்தான்.

பைத்தியக்காரத்தனத்துக்குக் கல்லாப்பெட்டியும் சேர்ந்துவிட்டால் அதற்குக் கொள்கை என்று பெயர்.

கடைசியாக அந்தக் கொள்கை மருமகளின் வயிற்றில் வந்து நின்றது.

தேஜஸ்வினிக்கு எட்டு மாதம். பேரப்பிள்ளை 6-2-26 அன்று பிறந்தே ஆக வேண்டும் என்றார் கோவிந்தராஜ். ஆறு, ரெண்டு, ரெண்டு, ஆறு! குழந்தைக்கு மூச்சுப்பை இன்னும் சரியாக வளரவில்லை, மார்ச் வரைக்கும் தொடக்கூடாது, தொட்டால் பிழைக்காமலும் போகலாம் என்று டாக்டர் லூயிசா தலைதலையாக அடித்துக்கொண்டாள். அவள் இல்லாவிட்டால் என்ன? பங்காருபேட்டையில் கேட்ட தேதியில் கேட்ட வயிற்றைக் கிழிக்கும் நர்சிங் ஹோம் ஒன்று இருந்தது. அங்கே புக் செய்தார்.

இன்று ஐந்தாம் தேதி.

நாளை ஆறு...

*

இன்ஸ்பெக்டர் அமலா மாடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அங்கே எல்லாமே ஜோடி. ரெண்டு கடிகாரம், ரெண்டு காலண்டர், எதிரெதிரே ரெண்டு கண்ணாடி. மேஜையின் ரெண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பித்தளை யானை, ஒன்றை ஒன்று பார்த்தபடி. இப்படி ஓர் அறையில் உட்கார்ந்தால் தனக்கே யாரையாவது அடிக்கத் தோன்றும் என்று நினைத்துக்கொண்டாள்.

கான்ஸ்டபிள் நாகேஷ் யானைகளைக் காட்டினான். ரெண்டையும் யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். ஆனால் துதிக்கை மடிப்பில் ரத்தம் மிச்சம் இருந்தது. இடது யானையிலும்... வலது யானையிலும்!

"மேடம், ரெண்டு யானை, ரெண்டு அடி. அப்போ ரெண்டு ஆளு."

சுவரோரமாக நின்றிருந்த விவேக் முன்னால் வந்தான். அழுது வீங்கிய முகம். சாப்பிட வீட்டுக்குப் போன நேரத்தில் இப்படி ஆகிவிட்டது என்றான்.

"அந்த ரெண்டு ஆளு யாருன்னு நான் சொல்றேன் மேடம். எம் பொண்டாட்டி. அவங்க அப்பா சிவராஜ். மத்தியானம் ரெண்டு பேரும் இங்க வந்தாங்க, பஜாரே பாத்துது. எம் மாமனாரு இடது கைக்காரரு."

பஜாரும் தலையாட்டியது. அதோடு நிற்காமல் சந்தோஷமாகக் கூடுதல் சேதியும் கொடுத்தது. போன ஞாயிற்றுக்கிழமை சிவராஜ் கடை வாசலில் நின்று, எம் பொண்ணு வயித்துல கத்தி வெச்சா உன் மண்டை ரெண்டாயிடும் என்று கத்தியிருக்கிறார். இரண்டு தெருவுக்குக் கேட்டதாம். சாட்சி சொல்ல ஏழெட்டுப் பேர் போட்டி போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்கள். உயிரோடு இருந்தவரைக்கும் அந்த ஆளின் முட்டாள்தனத்தை ஒரு வார்த்தை தட்டிக் கேட்காத வீரர்கள்!

அப்பாவும் பெண்ணும் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தார்கள்.

சிவராஜ், தினமும் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். பெண்ணுக்காக இன்று லீவு போட்டிருந்தார். ஒல்லி மனிதர். பயத்தில் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றார். தேஜஸ்வினி வயிற்றைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பயமில்லை. எரிச்சல்தான் இருந்தது.

"மாமனாரை அடிச்சீங்களா?" என்று கேட்டாள் அமலா.

"நான் எதுக்கு மேடம் அடிக்கப்போறேன்? ஆபரேஷன் வேணாம்னு அவரே சொல்லிட்டாரு. டாக்டரம்மா காலையில போன் பண்ணாங்க. நெசந்தானான்னு கேட்டுக்கத்தான் வந்தோம். நெசந்தான், போ போன்னாரு. காபி கூட குடுக்கல. கெளம்பிட்டோம்."

"பொய் மேடம்." பின்னாலேயே ஸ்டேஷனுக்கு வந்திருந்த விவேக்கின் குரல் உடைந்தது. "எங்கப்பா கடைசி வரைக்கும் ஆறாம் தேதின்னுதான் இருந்தாரு. ரத்துன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லல. இவளை அரெஸ்ட் பண்ணுங்க, வேணாங்கல. ஆனா நாளைக்கு ஆபரேஷன் முடிஞ்சதும் பண்ணுங்க. அது எங்கப்பாவோட கடைசி ஆசை. நான் புருஷன், கையெழுத்து போடறேன். போலீஸ் காவல்லயே கூட்டினு போங்க."

தேஜஸ்வினியின் முகம் முதல்முறையாக வெளுத்தது.

அமலா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அப்பன் பிணம் இன்னும் ஆறவில்லை. இவனுக்குத் தேதி ஆறிவிடப் போகிறது என்று கவலை!

லூயிசாவுக்குப் போன் போட்டார்கள். பிரசவ அறையில் இருக்கிறாள், வர நேரமாகும் என்றது பதில். அதற்குள் ஜி.எச். டாக்டரின் சேதி வந்தது. அமலா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு போனை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

இடது பொட்டில் விழுந்த அடியிலேயே ஆள் காலி. வலது பொட்டில் விழுந்தது, உயிர் போன பிறகு... நிதானமாக, அளந்து, அதே உயரத்தில்!

அமலா மூன்று பேரின் கைரேகையையும் எடுத்து, யானைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க அனுப்பினாள். பிறகு நாகேஷைக் கூப்பிட்டுக் காதில் ரெண்டு வேலை சொன்னாள். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான்.

*

அமலா தேடிப்போகும் முன்பே டாக்டர் லூயிசா ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். கையில் கிளவுஸ் பவுடர் கூடப் போகவில்லை.

காலையில் கோவிந்தராஜ் பேசியது உண்மைதான் என்றாள். மருமகள்மேல் இரக்கப்பட்டு ரத்து செய்தாரா என்று அமலா கேட்டதும் லூயிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இரக்கமா? அவருக்கா? பர்த் சர்டிபிகேட்ல தேதிய முழுசா போடுவாங்கன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதாம். 06-02-2026. திருப்பினா வரலியே டாக்டர்னாரு. வராதுன்னேன். அப்ப இந்தப் பாப்பா எப்ப வேணா பொறக்கட்டும், அடுத்த பாப்பாவுக்கு 03-02-2030 இப்பவே எழுதிக்குங்கன்னாரு. இருபத்தஞ்சு வருஷமா பிரசவம் பாக்கறேன், உண்டாகாத பிள்ளைக்கு டேட் கேட்டவரு அவரு ஒருத்தர்தான்."

லாக்கப்புக்கு வெளியே நின்ற சிவராஜ் கூடச் சிரித்துவிட்டார்.

"போன்ல வேற ஏதாவது கேட்டுச்சா?" என்றாள் அமலா.

லூயிசா விவேக்கைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய சிரிப்பு நின்றது.

"பக்கத்துல இவரு அழுதுனு இருந்தாரு. வேணாம்பா, மாத்தாதேப்பா, இதையாவது என்னைச் செய்ய விடுப்பான்னு."



நாகேஷ் திரும்பி வந்தான். அவனுடைய வேலையும் முடிந்திருந்தது. பங்காருபேட்டை நர்சிங் ஹோமில் காலையில் அப்பா ரத்து செய்திருக்கிறார். மத்தியானம் மகன் போன் செய்து, ரத்தை ரத்து செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறான். பாப்பம்மா அலறுவதற்கு முன்பே! அவன் சாப்பிடப் போனதாகச் சொன்ன வீட்டில் அம்மா சுந்தரி இலை போட்டு வைத்துக் காத்திருந்திருக்கிறாள். புருஷனும் வரவில்லை, மகனும் வரவில்லை. அதைச் சொல்லும்போது அந்த அம்மாள் அழவில்லை. எதற்காக அழுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை போலும்.

"ரத்துன்னு தெரியாதவரு எதுக்குங்க திரும்ப புக் பண்ணீங்க?" அமலா நாற்காலியை அவன் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "செத்தவனை இன்னொரு தடவை அடிச்சா அது கோவம். ஆனா அந்த யானைய வெச்சிட்டு, மேஜைய சுத்தி வந்து, அடுத்த யானைய எடுத்து, அடுத்த பொட்டுல அதே எடத்துல அடிக்கறது கோவம் இல்ல விவேக். அது வழக்கம். உங்க வீட்டு வழக்கம். உன் பொண்டாட்டி அடிச்சிருந்தா ஒரு அடியோட வீட்டுக்குப் போயிருப்பா."

"சாட்சி இருக்குதா மேடம்?"

"முதுகைத் துடைச்சே. அடிவயித்தைத் துடைக்கல. ரெண்டு யானைக்கும் அடியில ஒரே எடத்துல ரத்தத்தோட உன் கட்டைவிரல். கைரேகைப்பா... நீயே திருப்பிப் படிச்சுப் பாரு, மாறாது."

விவேக் தரையைப் பார்த்தபடி பேசினான். அவன் பிறந்த தேதி திரும்பி வராத தேதி. அதை அப்பா ஒரு நாள் கூட மறக்க விட்டதில்லை. கடைக்கு வருகிறவர்களிடம், இவன் ஒரு பக்கம் மட்டும் ஓடுற வண்டி என்று அறிமுகம் செய்வார். பெயர் சரியில்லை, தேதி சரியில்லை, ஆளே சரியில்லை. இந்த ஒரு குழந்தையாவது ரெண்டு பக்கமும் சரியாகப் பிறந்தால் அப்பா தன்னை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்ப்பார் என்று இருந்தான். அதையும் காலையில் ஒரு போனில் முடித்துவிட்டு, மத்தியானம் இவன் மறுபடி கெஞ்சியதும், உனக்கு எதுவும் முழுசா வராதுடா என்றார்.

"அப்பத்தான் அடிச்சேன். அடிச்சப்புறம் பாத்தா... ஒரு பக்கம் மட்டும் இருந்துது. அப்பாவுக்குப் புடிக்காதேன்னு..."

அமலாவுக்கு ஒரு நொடி பாவமாகக்கூட இருந்தது. பிறகு பெஞ்சில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தாள். நாளைக்குப் பங்காருபேட்டையில் அந்த வயிற்றை என்ன செய்திருப்பான் என்று நினைத்தாள். பாவம் போய்விட்டது.

நாகேஷ் விலங்கின் ஒரு வளையத்தை அவன் கையிலும் மறு வளையத்தைத் தன் கையிலும் மாட்டினான். விவேக் நெளிந்தான். இன்னொரு கையையும் நீட்டினான்.

"இதுக்கும் ஒண்ணு போடுங்க சார். ஒத்தையா இருந்தா ஒரு மாதிரி இருக்குது."

*

மார்ச்சில், தனக்குத் தோன்றிய நேரத்தில், யாரையும் கேட்காமல் பிறந்தது குழந்தை. பெண். மூச்சுப்பைக்கு ஒரு குறையும் இல்லை என்பதை ஆண்டர்சன்பேட்டை முழுக்கக் கேட்கும்படி அழுதே நிரூபித்தது. சிவராஜ் வார்டு முழுக்க லட்டு கொடுத்தார். தேஜஸ்வினி தன் பழைய பெயரையே ரிஜிஸ்டரில் எழுதச் சொன்னாள், காலோடு கையோடு. மகளுக்கு அக்ஷயா என்று பெயர் வைத்தாள்.

சுந்தரி பேத்தியைப் பார்க்க வந்தாள். மடியில் வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கொஞ்சினாள். இத்தனை வருஷம் அந்த வீட்டில் குடித்தனம் செய்தவள் அல்லவா, வாய் சும்மா இருக்கவில்லை. விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு மெதுவாக இழுத்தாள்.

"பொறந்த தேதிய... பின்னாடியிலருந்து படிச்சா ஒண்ணும் வரலியேம்மா?"

தேஜஸ்வினி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பின்னாடியிலருந்து படிக்கறதுக்கு எம் பொண்ணு இன்னா லாரியா அத்தே?"