இருபத்தேழாம் இலக்கம்

இறம்பொடையைத் தாண்டி மூன்றாவது வளைவில் பஸ் என்னை இறக்கிவிட்டபோது காலை பத்து மணி. வெயில் ஏற வேண்டிய நேரம். ஆனால் பஸ்காரர் முன்விளக்கைப் போட்டுக்கொண்டுதான் போனார். அவ்வளவு மூடுபனி.

ஊசிக்காட்டுத் தோட்டத்தின் பழைய துரை பங்களாவில்தான் எங்கள் பிரதேச செயலகத்தின் உப அலுவலகம் இருந்தது. அதற்கு என்னைப் பொறுப்பதிகாரியாகப் போட்டிருந்தார்கள்; தங்குமிடமும் அங்கேயே. பதவி உயர்வாம். யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில், நாலு வயதுப் பிள்ளையைத் தகப்பனிடம் விட்டுவிட்டு, ஈரச் சப்பாத்தோடு மலையில் வந்து நிற்பதற்குப் பெயர் பதவி உயர்வு.

எனக்கு முன் அங்கே இருந்தவர் துரைராசா. அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். நான் போனபோது பயணப் பையைத் தோளில் மாட்டியபடியே ஒப்படைப்புப் பட்டியலை நீட்டினார். நிர்வாகத்தில் நிரூபா என்றால் விதி தவறாதவள் என்று எனக்கொரு பெயர் உண்டு. அதைக் காப்பாற்ற மேசைகளை எண்ணினேன், அலுமாரிகளை எண்ணினேன், இரண்டு கதிரை குறைகிறது என்று அந்த மனிதரோடு கால்மணி நேரம் சண்டை பிடித்தேன். இருபத்தேழாம் இலக்கத்தில் ‘காவலாள் – 1’ என்று இருந்தது. தளபாடப் பட்டியலில் ஆளை எழுதுவார்களா என்று கேட்டேன்.

“எல்லாரும் எழுதினதுதான் தங்கச்சி. கேற்றடியில நிக்கிறார்.”

கதிரைக்குச் சண்டை பிடித்தவள், ஆளை எண்ணிப் பார்க்கவில்லை. கையெழுத்தைப் போட்டேன்.

உடனே துரைராசா இன்னொரு சின்னக் கடதாசியை நீட்டினார். ‘துரைராசா வெளியே செல்லலாம்’ என்று எழுதியிருந்தது. அதிலும் ஒன்று போடச் சொன்னார். மனிதருக்கு மூளை குழம்பிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டு போட்டேன். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அறுபதை நெருங்கிய அந்த ஆள் சவுக்கு மரங்களுக்கு நடுவே கிட்டத்தட்ட ஓடினார்.

மத்தியானம் கேற்றடிக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

அன்று பின்னேரமே அடுத்த கூத்து. அலுவலக உதவியாளர் மூக்கனும் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர் நாகலெட்சுமியும் வீட்டுக்குப் போகிற நேரம் ஆளுக்கொரு கடதாசித் துண்டோடு வந்து நின்றார்கள். இருவருமே தோட்டத்து ஆட்கள். மூக்கனுக்கு ஐம்பத்தைந்து, நாகலெட்சுமிக்கு நாற்பது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகத் துண்டு எதற்கு என்று கேட்டேன். இங்கே அப்படித்தான் மிஸ் என்றார் மூக்கன். நான் விடவில்லை. நோண்டி நோண்டிக் கேட்டதில் ஒருவாறு சொன்னார்.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்த மலையில் காய்ச்சல் பரவியதாம். சீமையிலிருந்து நியமனமாகி வந்த துரை, என் துண்டு இல்லாமல் ஒரு குஞ்சும் இந்தக் கேட்டைத் தாண்டக்கூடாது என்று வீரய்யா என்ற காவலாளை நிறுத்தினாராம். நிறுத்திய மூன்றாம் நாள் துரைக்கு மேலிடத்திலிருந்து மாற்றல் உத்தரவு. போனவர் போனவர்தான். காவலை எடுக்கச் சொல்லி யாரிடமும் சொல்லவில்லை. மேலே தொழிலாளர் லயத்தில் வீரய்யாவின் பெண்சாதியும் மகளும் காய்ச்சலில் கிடந்தார்கள். வீரய்யா போகவில்லை. அவருக்குத் துண்டு எழுதிக்கொடுக்க ஆள் இல்லை. ஒன்பதாம் நாள் மழைக்குள் நின்றபடியே செத்துப்போனாராம்.

அதற்குப் பிறகு வந்த துரை, பழைய பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதினார். துரைமாரிடமிருந்து அரசாங்கம், அரசாங்கத்திடமிருந்து கம்பெனி, கம்பெனியிடமிருந்து எங்கள் அலுவலகம். ஒவ்வொரு கை மாறும்போதும் யாரோ ஒருவர் ‘காவலாள் – 1’ என்று பார்த்து எழுதியிருக்கிறார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். படித்த மனிதர்கள் செய்கிற வேலையா இது என்று ஏசிவிட்டு, இனிமேல் துண்டும் இல்லை மண்ணும் இல்லை என்று சொன்னேன். மூக்கன் போய்ச் சமையலறையில் பாயை விரித்தார். நாகலெட்சுமிக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். என்னையும் கேற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குடையோடு இறங்கினாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளைக் கண்டோம். கேற்றுக்கு இந்தப் பக்கம், தேயிலைச் செடிகளுக்கு நடுவே இருந்தாள். செருப்புத் தேய்ந்து அறுந்திருந்தது. இரண்டு உள்ளங்காலிலும் இரத்தம்.

“நடந்தேங்க மிஸ். விடிய விடிய நடந்தேன். கேட்டு கிட்டக்கவே வரலைங்க.”

பங்களா வாசலிலிருந்து கேற்றுக்கு இருநூறு அடி. அவளுக்கு உடனே துண்டு எழுதிக் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு அவள் நொண்டி நொண்டிப் போனாள். கேற்றைத் தாண்டிப் போனாள்.

அன்றிலிருந்து நான் மறுபேச்சின்றிக் கையெழுத்துப் போட்டேன். நானும் மூன்று நாலு மாதத்துக்கொரு தடவை ஊருக்குப் போய் வந்தேன். எனக்குத் தடங்கலே வரவில்லை. பிரதேச செயலாளர் ஒப்பமிட்ட லீவுப் படிவம் எப்போதும் என் கைப்பையில் இருந்ததுதான் காரணம் என்று எனக்கு அப்போது தெரியாது.

தெரிந்தது ஒரு வியாழக்கிழமை. மகள் சுதர்ஷினிக்குக் காய்ச்சல் நூற்றுமூன்று என்று என் கணவர் லக்ஸ்மன் அழைத்தார். பக்கத்தில் அவள் அழுவது கேட்டது. லீவாவது மண்ணாவது என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். பின்னேரம் மூன்று மணி.

நடந்தேன்.

சவுக்கு மரங்கள் இரண்டு பக்கமும் பின்னே போய்க்கொண்டிருந்தன. கேற் மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

வேகமாக நடந்தேன். பனி முழங்காலுக்கு ஏறியது, பிறகு இடுப்புக்கு. நனைந்த கம்பளியின் மணம் வந்தது. அதோடு வெகுநாள் மூடிக் கிடந்த அறையின் மணமும்.

என் மூச்சோடு இன்னொரு மூச்சும் கேட்டது. வலது தோளுக்குச் சற்று மேலே. நெஞ்சுச் சளி கரகரக்க இழுத்து விடுகிற மூச்சு.

“துண்டு இருக்குங்களா?”

மரியாதையான குரல். அதட்டல் இல்லை, கோபம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. பைக்குள்ளிருந்து ஒரு கடதாசியைக் கிழித்து ‘நிரூபா வெளியே செல்லலாம்’ என்று எழுதி, என் கையெழுத்தையும் போட்டு அந்தப் பக்கம் நீட்டினேன். யாரும் வாங்கவில்லை.

“நீங்களே உங்களுக்கு எழுத முடியாதுங்களே.”

அலுவலக விதியில் இருப்பதுதான். தன் லீவைத் தானே அங்கீகரிக்க முடியாது. எத்தனை பேருக்கு நான் இதையே சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பங்களாவுக்கு ஓடிவந்து செயலாளருக்குத் தொலைபேசி எடுத்துக் கெஞ்சினேன். ஒப்பமிட்ட கடதாசி மோட்டார் சைக்கிளில் வந்துசேர மறுநாள் பத்து மணியாயிற்று. நான் கோண்டாவிலுக்குப் போனபோது காய்ச்சல் விட்டிருந்தது. பிள்ளை என்னைப் பார்த்துவிட்டுத் தகப்பனின் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

“வாங்கோ அன்ரி எண்டு சொல்லவோ அப்பா?”

அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே ஒரு எண்ணந்தான். எப்படியாவது மாற்றம் எடுத்து என் பிள்ளையிடம் போய்விட வேண்டும்.

மலைக்கு வந்து இரண்டு வருடம் கழித்துக் கிடைத்தது. என் இடத்துக்கு வந்தவன் விதுசன். கல்யாணமாகி மூன்று மாதம், மனைவி வவுனியாவில். கதவடியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். பட்டியலை விரித்தேன். இருபத்தேழாம் இலக்கம்.

துரைராசா செய்ததை நானும் செய்திருக்கலாம். ஒரு சொல் பேசாமல் பேனாவைக் கொடுத்திருக்கலாம். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. சிவப்புப் பேனாவால் அந்த வரியைக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் ஒப்பமும் வைத்தேன். நூறு வருடமாக யாருக்கும் தோன்றாத வேலையைச் செய்துவிட்டேன், வீரய்யாவுக்கே விடுதலை கொடுத்துவிட்டேன் என்று எனக்குள்ளே ஒரு பெருமை வேறு.

தேநீர்த் தட்டோடு வந்த மூக்கன் அதைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார்.

“வெட்டிப்புட்டீங்களா மிஸ்? அவரு யாரு பொறுப்புலயாவது இருக்கணுமுங்களே. தம்பி வாங்கிக்கலைன்னா...”

முடிக்காமல் போய்விட்டார். நானும் கேட்கவில்லை. மாற்றல் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேற்றைத் தாண்டினேன். லேசாகத் தாண்டினேன்.

ஞாயிறு மத்தியானம் கோண்டாவில். சுதர்ஷினிக்கு இப்போது ஆறு வயது. அன்றிரவு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு படுத்தாள். அம்மா என்றாள். நான் அழுதேன், வேறென்ன செய்ய.

திங்கள் காலை புதிய அலுவலகத்தில் கடமையேற்க வேண்டும். எட்டு மணிக்குச் சேலை கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். சுள்ளென்ற வெயில். கேற்றுக்கு வெளியே பாண்காரனின் வாகனம் பாட்டுப் போட்டபடி போனது. நான் நடந்தேன்.

“ஏனம்மா ஒரே இடத்தில நிண்டு நடக்கிறீங்கள்?”

சுதர்ஷினி வாசற்படியில் நின்று கேட்டாள்.

குனிந்து பார்த்தேன். என் காலைச் சுற்றி மட்டும் பனி.

அவளும் பள்ளிக்கூடப் பையோடு இறங்கி வந்தாள். கேற் பத்தடியில் இருந்தது. என் பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்துகள் என் கண்முன்னே ஒரே இடத்தில் மேலும் கீழும் போய்வந்தன. நான் துண்டு எழுதினேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டு துள்ளிக்கொண்டு போனாள். லக்ஸ்மன் முதல் நாள் சிரித்தார். நீர் ஒரு டொக்டரைப் பார்க்கவேணும் என்றார். அரைமணி நேரம் முற்றத்தில் நடந்துவிட்டு வந்தபின் சிரிப்பு நின்றது. இப்போது ஒவ்வொரு காலையும் கையை நீட்டுவார், நான் எழுதிக் கொடுப்பேன்.

எனக்கு யார் எழுதுவது? மாற்றல் கடிதத்தை நீட்டிப் பார்த்தேன், அது மலையை விட்டு வர மட்டுந்தான் உதவியது. மலையகத்துச் செயலாளருக்கு எடுத்தேன். நீங்கள் இப்போது என் கீழ் இல்லையே என்றார். புதிய அலுவலகத்துக்கு எடுத்தேன். நேரில் வந்து கடமையேற்றால்தான் நீங்கள் எங்கள் ஆள் என்றார்கள். விதுசனுக்கு எடுத்து, வெட்டிய வரியைத் திரும்ப எழுதிப் பொறுப்பெடுக்கச் சொல்லி வெட்கம் விட்டுக் கெஞ்சினேன். கணினியில் ஏற்றியாயிற்று மிஸ், பழைய இருபத்தெட்டு இப்போது இருபத்தேழாகிவிட்டது, நடுவில் வரி சேர்க்க முடியாது என்றான். பாவம், நல்ல பிள்ளை. அவன் குரலில் தூக்கம் கெட்ட களைப்பு கொஞ்சமும் இல்லை.

பதினொரு நாள் அப்படிப் போயிற்று. வேலை போய்விடும் என்று தந்தி போலச் சுருக்கமாக ஒரு கடிதம் வந்தது. நான் முற்றத்தில் இறங்குவதையே விட்டேன். சுதர்ஷினி மட்டும் பின்னேரங்களில் கேற்றடியில் போய் இருந்து படம் கீறுவாள். யாரோடோ கதைப்பது கேட்கும். கூப்பிட்டால் வந்துவிடுவாள்.

பன்னிரண்டாம் நாள் காலை லக்ஸ்மன் போனபின் அவள் எனக்கொரு கடதாசி கொண்டுவந்தாள். ஊதாக் கலர்ப் பென்சிலால், எழுத்துக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள, ‘அம்மா போகலாம். சுதர்ஷினி’ என்று எழுதியிருந்தாள்.

“நீங்கள் பாவம்தானே. அதுதான் நான் எழுதினனான்.”

அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். பள்ளிக்கு நேரமாகிறது என்று கையைப் பிடித்துக்கொண்டு கேற்வரை விடலாமென்று இறங்கினேன். அவளுக்கான துண்டை வழக்கம்போல எழுதி அவள் கையில் கொடுத்திருந்தேன். அவள் தந்தது என் கையிலேயே இருந்தது.

கேற்றின் கொண்டி குளிராகப் பட்டது. இழுத்தேன். கேற் திறந்தது.

நான் தெருவில் நின்றேன்.

முதுகில் வெயில் சுட்டது. கல்லுத் தெரு, மதில், எதிர்வீட்டு முருங்கை. நான் சிரித்தேன். பைத்தியம் மாதிரி சிரித்தேன். பிறகுதான் என் கையில் பிள்ளையின் கை இல்லை என்று தெரிந்தது.

திரும்பினேன்.

கேற் சாத்தியிருந்தது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் சுதர்ஷினி என்னை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். நடந்துகொண்டேயிருந்தாள். கையில் நான் எழுதிய துண்டு.

“அதைக் காட்டு! அவருக்குக் காட்டு பிள்ளை!”

அவள் துண்டைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள். அது அவள் விரலிலிருந்து நழுவி முற்றத்து மண்ணில் விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. நான் கேற்றைப் பிடித்து உலுக்கினேன், தோளால் இடித்தேன். நான் எத்தனை முறை கூப்பிட்டேன் என்று தெரியாது.

சுதர்ஷினி நடப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் அண்ணாந்து பார்த்தாள். பெரிய ஆள் ஒருவர் குனிந்து சொல்வதைக் கேட்பவள் போலக் கேட்டாள். தலையாட்டினாள். பிறகு என்னிடம் சொன்னாள்.

“அம்மா, இனி உங்கட கையெழுத்துச் செல்லாதாம். இப்ப நான்தானாம் தொரை.”