ஒரு நம்பர், ஒரு குடும்பம்

மண் வாசம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. யட்டவத்தயில் றெக்சன் தனியாக வாடகைக்கு இருந்த வீட்டில் ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. வெளியே மழை கூரையில் இரைந்து, பீலியில் ஓடி, பின்னேரத்தின் மிச்ச வெளிச்சத்தையும் கரைத்துக்கொண்டிருக்க, குசினிப் பக்கமிருந்து மட்டும் புதிதாக வெட்டிய குழியின் வாசம் வந்துகொண்டேயிருந்தது. அவன் எழுந்து பார்க்கவில்லை. மடிக்கணினியைக் கிட்ட இழுத்துக்கொண்டான்.

மண்சரிவு எச்சரிக்கையைத் தோட்டத்து மக்களின் ஃபோனுக்கு அனுப்பும் மென்பொருள் அவன் எழுதியது. ஜேசன் என்ற கணினி வடிவத்தில் வெறும் எழுத்தாக வரும் தரவைப் பிரித்து, லயம் என்ற தோட்டத்து வரிசை வீடு, அதற்குள் காம்பரா என்ற ஒற்றை அறை, அதற்குள் ஆட்கள் என்று பெட்டிக்குள் பெட்டியாக வகை பிசகாமல் அடுக்க வேண்டும். அதை எழுதும்போதே ஆஃபீசில் பக்கத்து மேசை பஹ்மிதா கேட்டாள்.

"ஒரு காம்பரா நம்பர்ல ரெண்டு குடும்பம் இருப்பாங்களா, றெக்சன்?"

"சேச்சே. ஒரு நம்பர், ஒரு குடும்பம்தான்."

பொய். காம்பராவில் இடம் போதாமல், கல்யாணமான மகன் கீழே ஓடைக்கரையில் தகரக் குடில் போடுவான், நம்பர் அதேதான். றெக்சன் பிறந்ததே அப்படியொரு குடிலில். ஆஃபீசில் அது யாருக்கும் தெரியாது. தெரிந்துவிடுமோ என்ற வெட்கத்தில்தான் அப்படிச் சொன்னான்.

அதே நம்பர் மறுபடி வந்ததும் நிரல் முதல் குடும்பத்தைத் தூக்கிவிட்டு அடுத்ததை வைத்தது. போன கிழமை மண் சரிந்தபோது, அப்படியொரு நம்பரில் எச்சரிக்கை அப்பன் வீட்டாருக்கு மட்டும் போனது. அவர்கள் பல்லேபொலயில் கல்யாண வீட்டில், மேளச் சத்தத்தில். லயத்தார் ஓடித் தப்பினார்கள். கீழே குடிலில் மகன் வினோஜன், அவன் மனைவி ஷிரானி, பிள்ளை டிலுக்ஷி. அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. மூவரையும் மண் மூடியது.

எல்லாரும் மழையைத் திட்டினார்கள். றெக்சனும் கூடவே திட்டினான்.

யாருக்கும் தெரியாமல் திருத்தினான். ஒவ்வொரு நம்பருக்குள்ளும் குடும்பங்களின் வரிசை. ஓடவிட்டான். பிழையில்லை. விடுபட்ட குடும்பங்கள் பட்டியலில் வந்தன.

அந்த மூவரை மட்டும் அவர்களின் லயத்து நம்பரில் காணோம். தேடினான். பட்டியலின் கடைசியில் இருந்தார்கள். யட்டவத்த. அவன் வீட்டு இலக்கம்.

அந்த வரியை அழித்தான். ஓடவிட்டான்.

மறுபடியும் அங்கேதான்.

குசினியில் தகரம் உரசியது. ஈரக் கால்கள். மெல்ல. யாரோ இடம் ஒதுக்கிக்கொள்கிறார்கள்.

"அண்ணே." பெண் குரல். "பயப்படாதீங்க. நாங்க இந்த மூலையிலயே ஒதுங்கிக்கிறோம். உங்க ஆஃபீஸ்காரங்க வந்தாலும் தெரியாம இருந்துக்கிறோம்."

கதவைத் தள்ளினான். அடுப்பு மேடைக்குக் கீழே மூன்று பேர், கழுத்துவரை சேறு. பிள்ளைக்கு இருமல் முட்டியது. சத்தம் வெளியே கேட்காமலிருக்க ஷிரானி அதன் வாயைப் பொத்தினாள். விரலிடுக்குகளில் மண் வழிந்தது.