கம்பி இல்லாத கூடாரம்

கூடாரத்துக் கம்பிகளை மறந்துவிடக் கூடாது என்றுதான் மாஸ்டர் அவற்றை முந்தின நாளே வாசல் கதவை ஒட்டிச் சாத்தி வைத்தார். காலையில் கதவை அகலத் திறந்தார். திறந்த கதவு கம்பிகளை முழுசாக மறைத்துக்கொண்டது. பையைத் தூக்கினார், தண்ணீர் கேனைத் தூக்கினார், கதவை இழுத்துப் பூட்டிவிட்டு விசிலடித்தபடி வண்டியை எடுத்தார்.

இத்தனைக்கும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். கிளம்பும் முன் எல்லாவற்றையும் ஒரு தடவை பாருங்கள் என்று ஊரார் பிள்ளைகளிடம் தொண்டை வறளக் கத்துகிறவர்.

ஏரிக்கரைத் தோப்பில் துணியை விரித்துப் போட்ட பிறகுதான் மகள் கேட்டாள்.

“அப்பா, கம்பி எங்க?”

“எந்தக் கம்பி?”

“டென்ட் எதுல நிக்கும்? நம்பிக்கையில நிக்கும்னு மட்டும் சொல்லிடாத.”

அவர் அதைத்தான் சொல்ல வாயெடுத்திருந்தார்.

கூடாரம் போட்டுத் தங்குவது இருவருக்கும் இதுவே முதல் தடவை. இந்த வயதில் இது எதற்கு என்று கேட்டால் அவரிடம் பதில் இருந்தது, வெளியே சொல்லத்தான் முடியாது. அவரை விட்டுப் பிரிந்த மனைவி மறுபடி கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குக் கிளம்பவிருந்தாள். யாரோடு இருப்பது என்பதை மகளே சொல்லட்டும் என்று நீதிபதி விட்டுவிட்டார். வரும் வாரம் அவள் சொல்ல வேண்டும். அதற்குள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டுமென்று மாஸ்டர் தவித்தார். வீட்டில் கேட்டால், “பாக்கலாம்ப்பா” என்று போனை எடுத்துக்கொள்கிறாள். இங்கே சிக்னல் கிடையாது. பார்க்கப்போனால் அவர் திட்டத்தின் முழு அழகும் அதுதான்.

கடைசியில் இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, கூடாரத்தை அதில் தொங்கவிட்டார். கொடியில் காயப்போட்ட போர்வைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. வேலை முடிந்தபோது சட்டை தெப்பலாக நனைந்திருந்தது.

தோப்பைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். சிரிக்காமல் இருந்தது அவள் பெருந்தன்மை.

“டென்ட்டை விட்டு வெளிய போனா, சாச்சுப் போட்டுட்டுப் போங்க சார். நிக்க வச்சு, காலியா விடாதீங்க.”

“ஏம்மா?”

“இங்க அப்படித்தான் சார்.”

“அதான் ஏன்னு கேக்குறேன்.”

“சாச்சுட்டுப் போங்க சார்” என்றாள், அது பதில் போல. போய்விட்டாள்.

சாப்பிட்ட பாத்திரம் கழுவத் தண்ணீருக்குப் போகும்போது மகள் நினைவுபடுத்தினாள். “சாச்சுட்டு வரச் சொன்னாங்களே?”

“சாச்சுட்டு? மறுபடி யாரு கட்றது, உங்க தாத்தாவா? வா பாப்பா.”

“பாப்பான்னு கூப்பிடாதப்பா.”

கரையில் உட்கார்ந்து மாஸ்டர் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. “தண்ணி ஜில்லுன்னு இருக்குல்ல?” என்று முடிந்தது. கற்றுக்கொள்கிறவனுக்குப் பக்கத்து சீட்டில் தனக்கென்று தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு பிழைக்கிற மனுஷன், பேச்சிலும் அதையே மிதித்தார்.

திரும்பி வந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. கூடாரத்துக்குள் தவழ்ந்து போனவர் சற்றுத் தயங்கினார். தரை கதகதப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கையைப் போல. சேறும் அழுகிய இலையும் கலந்த வாடை. ஏரிக்கரையில் வேறென்ன மணக்கும் என்று தன்னையே அதட்டிக்கொண்டார்.

மழை பிடித்துக்கொண்டது. ஈரத்துணி தொய்ந்து இருவர் முகத்திலும் அப்பியது. “மூஞ்சில ஒட்டுதுப்பா” என்று மகள் முனகியது கேட்டது. அதற்குள் அவருக்குக் கண் சொருகிவிட்டது.

விழித்தபோது கும்மிருட்டு. மழை விடவில்லை.

முகத்தில் துணி இல்லை.

கையை உயர்த்தித் துழாவினார். எட்டவில்லை. தலைக்கு மேலே துணி விறைத்து நின்றது, மழைத்துளி பட்டுப் பறைபோல் அதிர்ந்தது. காற்றில் உப்பியிருக்கும் என்று நினைத்தார். பக்கத்தில் மூச்சுச் சத்தம். மெதுவான, கனத்த மூச்சு.

“பாப்பா, தூங்கலையா?”

பாப்பா என்றதற்குச் சண்டை வரவில்லை. இருட்டு தந்த தைரியத்தில் எல்லாவற்றையும் கொட்டினார். சமையலைக் கற்றுக்கொள்வதாகச் சொன்னார். அவள் அறைக்குப் பெயின்ட் அடித்துவிட்டதாகச் சொன்னார், அதுவும் அவளுக்குப் பிடிக்காத நிறத்தில், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். பிறகு, குரல் உடைந்து:

“என்கூட இருப்பியாம்மா?”

மழை. மூச்சு.

“இருப்பேன்ப்பா.”

சளி கட்டிய குரல். மேலேயிருந்து வந்தது.

எழுந்து நிற்கிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு கை இறங்கி அவர் நெற்றியில் படிந்தது. ஈரமான கை, சில்லிட்ட கை.

அந்தக் கை இறங்கிய அதே நேரம், அந்தப் பக்கத்துத் துணி தொய்ந்தது.

மாஸ்டர் அதைக் கவனித்தார். கவனித்தும், அந்த ஒரு வார்த்தையின் சந்தோஷத்தில் அதை ஒதுக்கித் தள்ளினார். கையைப் பிடித்துச் சூடு பறக்கத் தேய்த்துக்கொடுத்தார். அது சூடாகவே இல்லை. பிள்ளை நனைந்துவிட்டாளே என்று அழுதுகொண்டே தூங்கிப்போனார்.

விடியலில் பக்கத்து இடம் காலி. வெளியே வந்தார். கார்க் கண்ணாடியெல்லாம் பனி படிந்திருந்தது. உள்ளே முன்சீட்டில், அவருடைய கோட்டைப் போர்த்திக்கொண்டு மகள் தூங்கினாள். தட்டினார்.

“இங்க எப்ப வந்த?”

“மழை ஆரம்பிச்சப்பவே. எழுப்பினேன், நீ லாரி மாதிரி குறட்டை விட்ட.”

“அப்புறம்... திரும்ப வரலையா? என்கிட்ட எதுவும் பேசலையா?”

“எப்ப?”

அவள் அவரைத் தாண்டிப் பார்த்தாள். முகம் வெளிறியது.

“அப்பா. கயிறு கீழ கெடக்கு.”

கயிறு இரண்டு மரத்திலிருந்தும் அவிழ்ந்து சேற்றில் கிடந்தது.

கூடாரம் நின்றுகொண்டிருந்தது.

உச்சியில் இரண்டு முனைகள் துணியைத் தூக்கிப் பிடித்திருந்தன, தலைக்கு மேல் உயர்த்திய கைகளைப் போல.

அவர்கள் பார்க்கப் பார்க்க, முனைகள் இரண்டும் மெல்ல இறங்கின.

துணி தரையில் படிந்தது. அதன் கீழ் எந்த மேடும் இல்லை.

எதையும் எடுக்கவில்லை. வண்டி சேற்றை வாரியடித்துக்கொண்டு புறப்பட்டது. வாசலில் அந்த அம்மாள் கேட்டைத் திறந்துவிட்டாள். மாஸ்டர் கண்ணாடியை இறக்கினார்.

“அங்க என்னம்மா இருக்கு?”

அவள் காருக்குள் ஒரு பார்வை பார்த்தாள். பின்வாங்கிக்கொண்டாள்.

“இப்ப அங்க ஒண்ணும் இல்ல சார்.”

பெரிய சாலை வந்தது. வெயில் வந்தது, லாரிகள் வந்தன. எதிரே மனுஷ முகங்களைப் பார்த்ததும் மாஸ்டருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. இரவில் கிடைத்த பதில் செல்லாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இனி பேச்சில் பிரேக்கை மிதிக்கக்கூடத் தெம்பு மிச்சமில்லை, அதனாலேயே கேட்க முடிந்தது.

“என்கூட இருப்பியாம்மா?”

மகள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். பிறகு முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“இல்லப்பா. நான் அம்மாகூடப் போறேன். எப்பவோ முடிவு பண்ணிட்டேன், நீ அழுவியேன்னுதான் சொல்லல.”

அவர் தலையாட்டினார். சாலை கலங்கித் தெரிந்தது. “சரிம்மா” என்றார். “பரவால்லம்மா.”

பின்சீட்டிலிருந்து, சளி கட்டிய குரலில், யாரோ ஆறுதல் சொன்னார்கள்.

“நான் போகலப்பா.”