எட்டு வாரக் கணக்கு

குண்டு கையை ஆட்டிய வேகத்தில் பறந்த சிவப்பு மரக்கட்டை, நேராகப் போய் நர்ஸிங் மாணவியின் மூக்குக் கண்ணாடியில் பட்டது. ஆரம்பம் அதுதான்.

குண்டு என்பது பத்து மாதப் பெண் குழந்தை. பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை... தூக்கினால் கனமே தெரியாது. அவளை மடியில் வைத்திருந்தவனுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். மழையில் பாதி நனைந்த சட்டை. மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரத்தில் சிரித்துவிடும் வாய்.

"சிரிக்கிறீங்களா?" என்றாள் மாணவி.

"ஐயோ இல்லைங்க... குறி பார்த்து அடிச்சாளேன்னு ஒரு ஆச்சரியம்."

"குறியெல்லாம் பார்க்கல. கையிலிருந்து நழுவிடுச்சு. பத்து மாசத்துல பொருளை வேணும்னே கீழே விடத் தெரியணும். எழுதிக்கிறேன்."

"இதையுமா எழுதுவீங்க?"

"எல்லாத்தையும் எழுதுவேன்."

எழுதுவாள். விடுதியில் அவளுக்கு 'இன்ச் டேப்' என்று பெயர். குழந்தைகள் பிரிவில் ஒவ்வொரு மாணவியும் ஒரு குழந்தையின் வளர்ச்சியைச் சோதித்து, வகுப்பில் எழுந்து நின்று விளக்க வேண்டும். அதைத்தான் 'கேஸ்' என்பார்கள். தடுப்பூசிக்கு வந்த முப்பது குழந்தைகளில் அவளுக்கு வாய்த்தது குண்டு. தேடிப் பிடிக்கவில்லை, டோக்கன் வரிசையில் வந்தது.

"குழந்தைக்கு நீங்க...?"

"தாய்மாமன். அக்காவுக்குக் காய்ச்சல். ஏங்க, என்னைப் பார்த்தா அப்பா மாதிரியா இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? உறவு என்னன்னு கட்டத்துல எழுதணும்."

"அப்படியே கல்யாணம் ஆகலைன்னும் எழுதிக்குங்க."

"அதுக்குக் கட்டம் இல்ல."

அவன் கையை நீட்டினான். "உங்க கண்ணாடி இடது பக்கம் இறங்கிடுச்சு. இப்படிக் கொடுங்க. பயப்படாதீங்க, கண்ணாடிக் கடையிலதான் வேலை."

குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறுகை விரல்களால் கண்ணாடியின் காதுக் கம்பியை இலேசாக வளைத்துத் திருப்பிக் கொடுத்தான். அவள் போட்டுக்கொண்டாள். மங்கலாக இருந்த உலகம் பளிச்சென்று வந்தது. அதன் நடுவில் அவன் கண்கள்... பழுப்பு நிறம்... இமை முடிகளில் மழைத்துளி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆணுக்கு எதற்கு இவ்வளவு நீள இமை என்று அவளுக்குக் கோபமே வந்தது.

அவனும் பார்த்தான். தினம் நாற்பது ஜோடிக் கண்களை அளப்பவன் அவன். இரண்டு கண்மணிக்கும் நடுவே அறுபத்திரண்டு மில்லிமீட்டர் என்று மனம் தானாகச் சொன்னது. அதற்கு மேல் மனம் சொன்னதெல்லாம் தொழில் சம்பந்தப்பட்டதல்ல.

"எத்தனையாவது வாரத்துல பிறந்தா?" அவள் அட்டையைப் பார்த்துத்தான் கேட்டாள்.

அவன் ஒரு கணம் தயங்கினான். "நாற்பது வாரம்ங்க. முழு மாசம்."

"டிஸ்சார்ஜ் தாள்?"

"வீட்ல இருக்கு..."

தாளைக் கண்ணால் பார்த்துத்தான் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும். தாள் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்த விதி. அவள் நாற்பது என்று எழுதினாள். பக்கத்தில் 'தாள் சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் டிக்கும் அடித்தாள்.

பிறகு சோதனை. குண்டு உதவியில்லாமல் உட்கார்ந்தாள். கட்டையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள். ஆனால் எதையும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கவில்லை. தவழவில்லை. சின்ன உருண்டையைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எடுக்காமல், உள்ளங்கையால் வாரினாள். கையசைத்து டாட்டா காட்டவுமில்லை. பத்து மாதத்துக்கான பட்டியலில் வரிசையாகச் சிவப்புப் பெருக்கல் குறிகள் விழுந்தன. கடைசியில் அவள் எழுதினாள்: 'வளர்ச்சி தாமதம். மருத்துவரிடம் காட்டவும்.'

அவன் எட்டிப் பார்த்தான். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஃபெயில் போட்டுட்டீங்களா?"

"இது பரீட்சை இல்லைங்க. சீக்கிரமே கண்டுபிடிச்சா..."

"பரீட்சை இல்லைன்னா எதுக்கு சிவப்பு மை?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அட்டையின் நகலை எடுத்து, குழந்தையையும் தூக்கிக்கொண்டு மழைக்குள் போய்விட்டான்.

மறுநாள் வகுப்பில் பாடம் எடுக்கும் மேடம் அவளை எல்லார் முன்னாலும் பாராட்டினார். "மத்தவங்க எல்லாம் நார்மல், நார்மல்னு எழுதிட்டு வந்திருக்கீங்க. இவ ஒருத்திதான் தாமதத்தைக் கண்டுபிடிச்சிருக்கா. சனிக்கிழமை முதல்ல இவ பேசட்டும்." இன்ச் டேப்புக்குத் தலைகால் புரியவில்லை. படம் வரைந்தாள், வளர்ச்சிக் கோடு போட்டாள். நடுநடுவே அந்த இமைகள் வந்து நின்றன... அதை அவள் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

வியாழக்கிழமை அவன் தனியாக வந்தான். ஒரு மடித்த தாளை மேசைமேல் வைத்தான்.

"முப்பத்திரண்டு வாரத்துல பிறந்தா. அன்னிக்கு நான் சொன்னது பொய். இதனால ஏதாவது மாறுமா?"

அவள் தாளைப் படித்தாள். நாற்பதில் முப்பத்திரண்டு போனால் எட்டு. எட்டு வாரம் முன்னாலேயே பிறந்தவள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை அந்த வாரங்களைக் கழித்துத்தான் வயது பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் குண்டுவுக்குப் பத்து மாதமில்லை, எட்டு. எட்டு மாதக் குழந்தை உட்காரும், கைமாற்றும், உள்ளங்கையால் வாரும். குண்டு ஒன்றுவிடாமல் செய்தாளே! அவள் முகத்தில் ரத்தம் சுண்டியது.

"எல்லாமே மாறும்," என்றாள். "குழந்தை நல்லாத்தான் இருக்கா... ஏங்க பொய் சொன்னீங்க?"

"அக்கா மாமியார் வாயைத் திறந்தா 'குறைமாசம், குறைமாசம்'னுதான். அந்த வார்த்தையைக் கேட்டாலே அக்கா அழுவா. அத்தனை பேர் முன்னால எப்படிச் சொல்றது?"

"என்கிட்ட மெதுவா சொல்லியிருக்கலாமே!"

"இப்பதான் சொல்லிட்டேனே. நீங்க எழுதினதைப் படிச்சதிலிருந்து அக்கா ஒழுங்கா சாப்பிடல. குழந்தையைக் கீழேயே விடறதில்ல. நீங்க வீட்டுக்கு வந்து, உங்க வாயால சொல்லணும்."

"நீங்க பொய் சொல்வீங்க... நான் வந்து மன்னிப்புக் கேட்கணுமா?"

"தாளைப் பார்த்தேன்னு டிக் அடிச்சது யாருங்க?"

அவன் முகவரியை எழுதி வைத்துவிட்டுப் போனான். போகும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று முடிவெடுத்த நடை என்பது பார்த்த யாருக்கும் தெரிந்திருக்கும்.

அட்டையை மட்டும் யாருக்கும் தெரியாமல் திருத்திவிடலாம். சனிக்கிழமை வேறு குழந்தையைப் பற்றிப் பேசலாம். பொய் சொன்னது அவன்தானே... இப்படி ஒரு மணி நேரம் தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தாள். யாரோ ஒரு தாய் சாப்பிடாமல் குழந்தையை மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருப்பது மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை. எழுந்து மேடம் அறைக்குப் போனாள்.

மேடம் முழுவதையும் கேட்டார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பார்க்காத தாளைப் பார்த்ததா எழுதியிருக்க. உன் கேஸ் ரத்து. குழந்தைகள் பிரிவுல மறுபடி ஆறு வாரம். ஏன் இப்படிச் செஞ்சேன்னு எழுத்துல கொடு. கொடுத்துட்டு நேரா அந்த வீட்டுக்குப் போ."

மூன்றாவது மாடி வீடு. கதவைத் திறந்தவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள். சோபாவில் அக்கா. மடியில் குண்டு. நாற்காலியில் மாமியார், யாராயிருந்தாலும் ஒரு கை பார்க்கலாம் என்ற தோரணையில்.

"நான்தாங்க அந்த அட்டையை எழுதினவ. தப்பா எழுதிட்டேன்," என்றாள் மாணவி. நின்றுகொண்டேதான் சொன்னாள். பிறகு தரையில் உட்கார்ந்து, பாய் விரிக்கச் சொல்லி, அக்கா கையாலேயே குழந்தையை இறக்கி வைக்கச் சொன்னாள். ஒவ்வொன்றாக மறுபடி செய்து காட்டினாள். எட்டு வாரம் கழிக்கும் கணக்கைப் பொறுமையாக இரண்டு முறை சொன்னாள்.

"அப்ப... என் குழந்தைக்கு ஒண்ணுமில்லையா?"

"இந்தப் பட்டியல்படி அவ வயசுக்கு எல்லாம் சரியாச் செய்யறாக்கா. இன்னும் ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்ப்போம். கீழே விடுங்க... தரையில விட்டாத்தான் தவழுவா."

அக்கா அழுதாள். அழுதுகொண்டே தம்பி பக்கம் திரும்பினாள். "ஏன்டா நாற்பதுன்னு சொன்ன? எதையும் ஒளிக்காதேன்னு சொல்லித்தானே உன்னை அனுப்பறேன்? டாக்டர்கிட்ட, ஊசி போடறவங்ககிட்ட எல்லாம் ஒழுங்காச் சொல்லுவியே, அன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

அவன் மின்விசிறியைக் கவனமாகப் பார்த்தான். காரணம் சொன்னானே, அது என்ன ஆயிற்று என்று மாணவி அவனைப் பார்த்தாள்.

"எட்டு மாசக் குழந்தை எழுந்து நிக்கலைன்னுதானா இவ்வளவு கலாட்டா பண்ணினீங்க?" என்றார் மாமியார். கட்சி மாற அவருக்கு அரை நிமிடம்தான் ஆனது. "என் பேத்திக்கு என்ன குறை? ஏம்மா, முதல்ல சாப்பிடு நீ."

அக்கா தட்டை எடுத்து வந்து தரையிலேயே, குழந்தைக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவள் ஒரு வாய் சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் மாணவி தரையிலிருந்து எழுந்தாள். ஆறு வாரம் என்ன, பன்னிரண்டு வாரம்கூட வேலை பார்க்கலாம் என்று தோன்றியது. சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

அவன் படிக்கட்டு வரை பின்னாலேயே வந்தான். கீழே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

"உங்க கேஸ்...?"

"ரத்து. ஆறு வாரம் மறுபடி. ஏன் அப்படி எழுதினேன்னு விளக்கம் வேற எழுதிக் கொடுத்தாச்சு."

"என்னன்னு?"

"கவனக்குறைவுன்னு."

"அதுதானே நடந்துச்சு?"

"இல்ல." அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இதைச் சொல்லாமல் போய்விடலாம்... யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இன்றைக்கு உண்மை சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. "கவனம் குறையல. வேற பக்கம் இருந்துச்சு. உங்களைப் பார்த்துட்டிருந்தேன். அதை மேடத்துக்கு எழுத முடியுமா?"

கண்களையே அளந்து பிழைப்பவன், அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"சிரிங்க. அன்னிக்கு மாதிரி," என்றாள் அவள். "நீங்களாவது நிஜத்தைச் சொல்லுங்க. எல்லார்கிட்டயும் சொல்ற விஷயத்தை என்கிட்ட ஏன் மறைச்சீங்க? அக்காவுக்காகன்னு திரும்பச் சொல்லாதீங்க."

அவன் கீழே மழையைப் பார்த்தபடியே பேசினான்.

"குறைமாசம்னு சொன்னதும் ஒவ்வொருத்தரும் குண்டுவை 'ஐயோ பாவம்'னு பார்ப்பாங்க. அப்புறம் என்னையும் அப்படியே பார்ப்பாங்க. பழகிடுச்சுங்க... யார் பார்த்தாலும் கவலைப்பட மாட்டேன்." அவன் நிமிர்ந்தான். "நீங்க அப்படிப் பார்த்துடக் கூடாதுன்னு இருந்துச்சு. பார்த்துப் பத்து நிமிஷம்கூட ஆகல... வேற யார் கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பேன்."