குளத்துக்குள் போன சாலை

"நூறு மீட்டரில் வலது பக்கம் திரும்பவும்" என்றது போன். திரும்பினாள். கொட்டுகிற மழையில் கார் விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. வழியில் ஒரு வீடு இல்லை, ஒரு கடை இல்லை, எதிரே ஒரு வண்டிகூட இல்லை... கிளம்பும்போது அம்மாவிடம் என்னவெல்லாம் பேசினாள்!

"நான் வேலை பாக்கற கம்பெனியோட மேப்பும்மா இது. இதுல போய் நான் தொலைவேனா?"

தொலைந்தாள். தொபுக்கென்று முன்சக்கரம் இரண்டும் தண்ணீரில் இறங்கின. அடுத்த நொடி நாலா பக்கமும் வாத்துகள்... நூறு, இருநூறு... குவாக் குவாக் என்று ஊரையே கூட்டின. ஊர் என்று ஒன்று இருந்திருந்தால்!

டார்ச் வெளிச்சம் ஓடி வந்தது.

"கண்ணாடிய இறக்குங்க மேடம். பயப்படாதீங்க, எங்கக்காவும் கூட வந்திருக்காங்க."

இறக்கினாள். கோபமான கண்கள். ஆனால் அந்தக் கோபக்காரன் தான் நனைந்துகொண்டு குடையை அவள் பக்கமே சாய்த்திருந்தான். அதை அவள் கவனிக்காமல் இல்லை.

"இந்த வருஷத்துல நீங்க பதினாலாவது ஆளு."

"போன்தான் திரும்பச் சொல்லிச்சு..."

"போன் குளத்துல குதின்னு சொன்னா குதிச்சிடுவீங்களா?"

"குதிச்சிட்டேனே சார்..."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் முதல் தடவையாக அவள் நெஞ்சு தடுமாறியது. போதாத வேளை!

வீட்டில் அக்கா துண்டும் சூடான டீயும் கொடுத்தாள். வாத்துப் பண்ணைக்காரன் எதிரே உட்கார்ந்து தன் குறையைக் கொட்டினான்.

"ரெண்டு குளத்துக்கு நடுவுல போற கரை மேடம் அது. அதைப் போய் ரோடுன்னு மேப்புல போட்டு வச்சிருக்காங்க. ஒன்பது தடவை எழுதிட்டேன். ஒன்பது தடவையும் அதே பதில். 'பரிசீலித்தோம். சாலை உள்ளது.' அந்த ஆபீசுல ஒரு புண்ணியவான் உக்காந்திருக்கான் பாருங்க... அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

டீ அவள் நாக்கைச் சுட்டது. அந்தப் புண்ணியவான் அவள்தான். வானத்திலிருந்து எடுத்த படத்தில் நீளமாக ஒரு கோடு தெரியும். அரை நிமிஷம் பார்ப்பாள், புகாரை மூடுவாள், அடுத்த புகாருக்குப் போவாள்.

"நீங்க எங்க வேலை பாக்கறீங்க மேடம்?"

"ஒரு... கம்ப்யூட்டர் கம்பெனியில."

அவன் வாத்துக் கொட்டகையைப் பூட்டப் போனதும் அக்கா மெல்லச் சொன்னாள். "வாத்து பயந்தா முட்டை வைக்காதுன்னு கத்துவாம்மா. ஆனா விஷயம் அது இல்ல. யாராவது ஆழத்துல விழுந்துட்டா? அந்த நெனப்புலயே மழை பேஞ்சா டார்ச்ச வச்சுக்கிட்டு வாசல்லயே உக்காந்திருப்பான். ரெண்டு வருஷமா இப்படித்தான்."

அக்காவின் அறையில் படுத்தவளுக்கு அன்று பொட்டுத் தூக்கம் இல்லை. என் அரை நிமிஷ சோம்பலுக்கு இவர் ரெண்டு வருஷமா விழிச்சிருக்காரே...

காலையில் டிராக்டர் வைத்துக் காரை இழுத்தார்கள். போன் நம்பர் கைமாறியது. ஆபீஸ் போனதும் முதல் வேலையாக அந்தச் சாலையை அழித்தாள்.

"புண்ணியவானுக்குப் புத்தி வந்துடுச்சு மேடம்! ரோட்டைத் தூக்கிட்டான்!" என்று செய்தி வந்தது. அப்புறம் தினமும் வந்தது. காலையில் முட்டைக் கணக்கு, மத்தியானம் 'சாப்ட்டாச்சா?', ராத்திரி 'பத்திரமா வீடு போய்ட்டீங்களா?'. ஒவ்வொன்றையும் நாலு தடவை படித்தாள். சொல்லாமலே இருந்துவிடலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. சொன்னால் அந்தச் 'சாப்ட்டாச்சா' நின்றுவிடும்... ஆனால் பொய் சொன்ன வாயால் 'சாப்ட்டேன்' என்று சொல்லவும் கூசியது.

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் பண்ணை வாசலில் போய் நின்றாள்.

"அந்தப் புண்ணியவான்... நான்தான்."

அவன் முகம் கறுத்தது. "மூணு வாரமா ஏன் சொல்லல?"

"சொன்னா பேச மாட்டீங்களோன்னு பயம்."

"ஒன்பது தடவை எழுதினேனே... ஒரு தடவையாவது நேர்ல வந்து பாத்திருக்கலாம்ல?"

"பாத்திருக்கணும். தப்பு என்னுதுதான்."

அவன் தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டான். கண்ணீர் முட்ட அவள் காரில் ஏறினாள். போச்சு... எல்லாம் போச்சு!

காரைக் கிளப்பினாள். கண்ணாடியில் டொக் டொக். மூச்சிரைக்க அவன் நின்றான், வாளி இன்னும் கையில்தான்.

"ரோட்டை எடுத்தாச்சு, இனிமே நிம்மதியாத் தூங்கலாம்னு நெனச்சேங்க. ஒரு வாரமா ராத்திரியெல்லாம் மழை. யாரும் வர மாட்டாங்கன்னு நல்லாத் தெரியும். ஆனாலும் வாசல்லதான் உக்காந்திருக்கேன்... உங்க வண்டிச் சத்தம் கேக்குதான்னு."

அவள் கண்ணாடியை முழுசாக இறக்கினாள்.

"கோவம் இருக்கு," என்றான் அவன். "நிறையவே இருக்கு. ஆனா போயிடாதீங்க."

அவள் வண்டியை அணைத்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"இருந்து திட்டு வாங்கிக்கறேன். உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."