பிடுங்கிய கையே நட வேண்டும்

"இந்தக் கம்பு உனுக்கு எங்க கெடச்சுது?"

முதுகுக்குப் பின்னால் கேட்ட குரலுக்குச் சாண்ட்ரா திரும்பவில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டென்னிஸ் அண்ணனின் எலக்ட்ரிக்கல் கடை. வெளியே நவம்பர் மழை சாய்ந்து சாய்ந்து அடித்தது. அவள் தூக்கிவந்த விளக்கில் டென்னிஸ் அப்போதுதான் ஹோல்டரை மாட்டிவிட்டுச் சுவிட்சைத் தட்டியிருந்தார்.

ஆளுயரக் கிளை அது. உடம்பை முறுக்கிக்கொண்டு மேலே போய், நுனியில் மூன்றாகப் பிரிந்திருந்தது. அந்த மூன்று கைகளுக்கு நடுவே ஒரு துணிக்கூண்டு. அடியில், பழைய பெயின்ட் வாளியில் வார்த்தெடுத்த சிமென்ட் கட்டை. உப்பு போக நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பட்டையை உரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து... கன்டெய்னர் யார்டில் வேலை முடிந்து வந்த மாலைகளெல்லாம் காலடிப்பேட்டை மாடியில் அதற்கே போயிருந்தன. யானைக்கவுனியில் விளக்குக் கடை வைத்திருப்பவர் பார்க்கக் கேட்டிருக்கிறார். பிடித்தால் இன்னும் செய்யச் சொல்வார்.

இப்போது விளக்கு எரிந்தது. கிளைகளின் நிழல் கடைச் சுவரெங்கும் நரம்புபோல ஓடியது.

"உன்னத்தாம்மா கேக்கறேன்..."

திரும்பினாள். டார்ச் லைட்டுக்கு செல் வாங்க வந்தவன். நனைந்த சட்டை. நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து சொட்டிய நீர் இமையில் நின்றது. அவன் அதைத் துடைக்கக்கூட இல்லை. குரல்தான் அதட்டியது. கண்கள் அதட்டவில்லை... பயந்திருந்தன. பயந்தவன் எதற்கு இப்படிக் கண்கொட்டாமல் பார்க்கிறான்?

"கரையில கிடந்துச்சு. எடுத்தேன்," என்றாள்.

"கெடந்துச்சா? நின்னுகினு இருந்துச்சா?"

சாண்ட்ராவுக்குச் சுருக்கென்றது. நின்றுகொண்டுதான் இருந்தது. எண்ணூர் கழிமுகத்தில் தண்ணீர் வடிந்திருந்த ஒரு காலை, சேற்றில் தனியாக நின்ற அதை ஆட்டி ஆட்டிப் பிடுங்கியது அவள்தான். ஆனால் அதை இவனிடம் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

"கம்புல உங்க பேரு எழுதிகீதா இன்னா?" கோபம் வந்தால் அவளுடைய ஆபீஸ் தமிழ் கழன்றுவிடும்.

"எழுதிதான் இருந்துச்சு. ரெண்டு வெட்டு. அது எங்க பாட்டோட எல்லைக் கம்பும்மா."

அவன் பெயர் பிரகாஷ், காத்திவாக்கம் பக்கத்துக் குப்பத்துக்காரன் என்று டென்னிஸ்தான் சொன்னார். மீதியை அவனே சொன்னான். கழிமுகத்தில் இறால் பிடிக்கும் இடங்களைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே எல்லையாக ஒரு கிளை. பக்கத்துப் பாடு கெங்கம்மா வீட்டுடையது. கிளை காணாமல்போன பிறகு இவன் குத்துமதிப்பாக வலை இறக்க, அது அவர்கள் பக்கம் போய்விட்டது. வேண்டுமென்றே இவனே கம்பைப் பிடுங்கிவிட்டான் என்று கெங்கம்மா ஊரைக் கூட்டிவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம கூட்டம். நான் புடுங்கினேன்னு முடிவாச்சுன்னா ஒரு வருஷம் எங்க வூட்டு வலை தண்ணில எறங்கக் கூடாது. எங்கம்மாக்கு வேற பொழப்பு கெடையாது. நீ வந்து, நான்தான் எடுத்தேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு... போதும்."

"முன்னப் பின்ன தெரியாத ஊர்ல வந்து, திருடினேன்னு சொல்லணுமா? என்னால முடியாது."

விளக்கை அணைத்தாள். அவன் கெஞ்சவில்லை. மழைக்குள் இறங்கிப் போனான். வாங்க வந்த செல்லை வாங்காமலே போய்விட்டான்.

அதற்கப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யார்டில் லாரி நம்பரைத் தப்பாக அடித்தாள். மாடியில் அந்தக் கிளையைப் பார்க்கும்போதெல்லாம், இமையில் நின்ற அந்தத் துளி... ஒரு வருஷம். ஒரு வார்த்தை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா இக்னேஷியஸிடம், யாருக்கோ நடந்ததுபோலச் சொல்லிப் பார்த்தாள். "மீன்காரங்க பஞ்சாயத்துல தல வெக்கறவளுக்கு மூள கீதா?" என்றார் அவர்.

ஞாயிறு பூசை முடிந்ததும், யானைக்கவுனிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, விளக்கோடு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். "இன்னாம்மா, மரத்தோட குடும்பம் நடத்தறியா?" என்று டிரைவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டம் முடிந்திருக்குமோ? தீர்ப்பு சொல்லியிருப்பார்களோ? டிரெய்லர் லாரிகளின் வரிசை நகரவே மாட்டேன் என்றது. எர்ணாவூரில் மழையும் சேர்ந்துகொண்டது.

வலை பின்னும் கொட்டகையில் கூட்டம் இன்னும் கலையவில்லை. நடுவில் ஊர்ப் பெரியவர் சுப்புராயன். எதிரே கைகட்டி நின்ற பிரகாஷ், அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டத்தில் பெண்கள் உட்காரும் வழக்கமில்லை. அதனால் கெங்கம்மா நின்றுகொண்டே பேசினாள். உட்கார்ந்தவர்கள் எல்லாரையும்விடச் சத்தமாக.

சாண்ட்ரா விளக்கைத் தரையில் வைத்தாள்.

"நான்தான் பிடுங்கினேன். எல்லைக் கம்புன்னு தெரியாது. விளக்கு செய்ய எடுத்தேன். அவர் மேல தப்பில்ல."

சுப்புராயன் எழுந்து வந்து கிளையை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். "வெட்டு எங்க?"

"தேச்சுட்டேன்... வழவழன்னு வரணும்னு."

கெங்கம்மா கைகொட்டினாள். "கேட்டியா நைனா? வெட்டும் இல்ல, பட்டையும் இல்ல. இந்த மாரி கம்பு ஆத்தோரம் பூரா கீது. எங்கேர்ந்தோ ஒரு பொண்ண செட் பண்ணி இட்டாந்துகிறான். தளுக்கா ஒரு லைட்டு வேற!"

கூட்டம் சலசலத்தது. சாண்ட்ரா வழவழப்பான கிளையைப் பார்த்தாள். ஐயோ... வந்து அவனைக் காப்பாற்றுவதற்குப் பதிலாக, இன்னும் ஆழமாக அல்லவா தள்ளிவிட்டாள்?

"டேய் பிரகாஷு," சுப்புராயன் குரல் உயராமலே கேட்டார், "வெட்டே இல்லாத கம்ப இதான்னு எப்பிடிடா கண்டுபுடிச்ச?"

பிரகாஷ் தரையைப் பார்த்தான்.

சாண்ட்ராவும் அவனைப் பார்த்தாள். ஆமாம்... கடையில் அவன் வந்தபோதே வெட்டுகள் இல்லையே. எப்படி?

"சொல்றியா, எழுந்து போகட்டுமா?"

"கம்ப வெச்சு கண்டுபுடிக்கல." அவன் தரையைப் பார்த்தே சொன்னான். "பொண்ண வெச்சுதான்... அவங்க புடுங்கறப்போ நான் படகுல இருந்தேன். பாத்தேன்."

"பாத்துகினு சும்மாவா இருந்த? ஒரு கொரல் குடுக்க வாணாம்?"

"குடுக்கணும்னுதான் நெனச்சேன்..."

"அப்பறம்?"

"முட்டி வரைக்கும் சேத்துல நின்னுகினு, கம்பு கைக்கு வந்ததும் தனியா சிரிச்சாங்க... கொரல் குடுத்தா அந்த சிரிப்பு நின்னுடும்னு..."

கூட்டத்தில் எவனோ ஒருவன் விசில் அடித்தான். சாண்ட்ராவின் காது மடல்கள் சுட்டன. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சிமென்ட் கட்டையைப் பார்த்தாள்.

"அடுத்த நாளே எங்கிட்ட சொல்லிருக்கலாமில்ல? ரெண்டு பாட்டுக்காரங்களும் சேந்து வேற கம்பு நட்டிருப்போம்," என்றாள் கெங்கம்மா. குரலில் பாதிச் சூடுதான் மிச்சம்.

"சொன்னா, ஏன் தடுக்கலன்னு கேப்பியே க்கா."

"ஆமா, கேப்பேன்." கெங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தூ, கேடுகெட்டவனே! இத்த மொதல்லயே சொல்லிருந்தா நான் ஊரக் கூட்டிருப்பேனா? நைனா, பொய் சொல்றவன் மூஞ்சி இப்பிடி செவக்காது. என் பிராத வாபஸ் வாங்கிக்கிறேன்."

சுப்புராயன் மட்டும் சிரிக்கவில்லை. தடை இல்லை என்றார். ஆனால் பார்த்தும் சொல்லாமல் இருந்ததற்கு, இந்த முறையில் இறால் பிடிக்க அவனுக்கு மீதமிருந்த நாள்கள் கெங்கம்மா வீட்டுக்கு. அப்புறம் சாண்ட்ராவின் பக்கம் திரும்பினார்.

"பொண்ணே, இங்க ஒரு முறை கீது. கம்ப எந்தக் கை புடுங்குச்சோ அந்தக் கையே நடணும்."

யானைக்கவுனிக்காரரின் முகம் ஒரு கணம் வந்து போனது. அவள் கூண்டைக் கழற்றினாள். ஹோல்டரைத் திருகி எடுத்து, வயரை உருவினாள். சிமென்ட் கட்டையை என்ன செய்வது என்று பார்த்தபோது கெங்கம்மா தடுத்தாள். "அது இருக்கட்டும். சிமென்ட் காலோட நட்டா இனி எவளும் புடுங்க முடியாது!"

படகில் அவளும் அவனும். கரை முழுக்க ஊர். தூறல் விழுந்த தண்ணீர் சாம்பல் நிறத்தில் சிலிர்த்துக்கொண்டிருந்தது. தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் மேகத்தோடு மேகமாக நின்றன. அவன் கழி ஊன்றித் தள்ளினான். அவள் பக்கம் பார்க்காமல் தள்ளினான்.

"கோவமா?"

"ஊருக்கே சொன்னீங்க," என்றாள் தண்ணீரைப் பார்த்தபடி. "என்கிட்ட இன்னும் சொல்லல."

கழி நின்றது. படகு தானாகக் கொஞ்சதூரம் போனது.

"புடிச்சிருக்கு," என்றான். முதலில் அவ்வளவுதான் வந்தது. கொட்டகையில் அத்தனை பேசியவனுக்கு இங்கே அடுத்த சொல் வரக் கழியை மறுபடி ஊன்ற வேண்டியிருந்தது. "வேற சாமி, வேற ஊரு... உங்கப்பா இன்னா சொல்வாரோ. வாணாம்னு சொன்னாலும் பரவால்ல. பொறுமையா சொல்லு."

இடம் வந்துவிட்டது. இருவருமாகக் கிளையைத் தூக்கி இறக்கினார்கள். சேறு சிமென்ட் கட்டையை மெல்ல விழுங்கியது. அவள் இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்தினாள். அவன் கை, அவள் கையைத் தொடாமல், சற்று மேலே கிளையைப் பிடித்திருந்தது.

"அங்க ரொம்ப பயந்துட்டியா? கூட்டத்தப் பாத்து?"

"கூட்டத்தப் பாத்து இல்ல." அவள் நிமிர்ந்தாள். "அந்தக் கடையில பாத்ததுலேர்ந்தே பயம்தான். சாப்பிட உக்காந்தா பயம், வேலைல பயம்... உங்க பாடு போயிடுமோ, உங்கம்மா என்ன பண்ணுவாங்களோன்னு. அப்பாவ நெனச்சா இப்பவும் பயம். ஆனா யாருன்னே தெரியாத ஒருத்தருக்காக நான் இப்படி பயந்ததே இல்ல, பிரகாஷ். இதுக்கு என்ன பேருன்னு நீங்களே சொல்லுங்க."

அவன் இமையிலிருந்து ஏதோ வழிந்தது... மழையாகவும் இருக்கலாம்.

"நட்டாச்சா இல்லியா?" கரையிலிருந்து கெங்கம்மா கத்தினாள்.

கிளை அசையாமல் நின்றிருந்தது. அதிலிருந்து கையை எடுக்காமலே சாண்ட்ரா திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"இன்னும் இல்லக்கா!"