சின்னத்தில் இருந்த விளக்கு

ரஹாங்கிலிருந்து கிளம்பிய மோட்டார் சைக்கிள்கள் சுவா பக்கத்து எஸ்டேட் மண் ரோட்டில் இறங்கியபோது பொழுது இன்னும் சாயவில்லை. ஆனால் செம்பனை மரங்களுக்குள் அதற்குள் இருட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. மழை வரும்போலிருந்தது.

முகுந்தன் முன்னால் போனான். மோட்டார் கிளப்பின் தலைவனாகி அவன் நடத்தும் முதல் பயணம் இது. எல்லோர் ஜாக்கெட் முதுகிலும் அவன் போட்டுக்கொடுத்த புதுச் சின்னம். வம்பே அதில்தான்.

பழைய சின்னத்தில் ஒரு சக்கரமும் அதன் பின்னால் சின்னதாக ஒரு விளக்கும் இருந்தன. இந்த எஸ்டேட் லயத்து வீடுகளில் கிளப்பை ஆரம்பித்தவர்களில் ஒருவன் புனிதன். எல்லோருக்கும் கடைசியில் வந்து, யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஒரு மழைநாளில், பின்தங்கிய ஒருவனைத் தேடி இதே ரோட்டில் திரும்பிப் போனவன், பாலத்தடியில் பிணமாகத்தான் கிடைத்தான். அவனுக்காகத் தைத்ததுதான் அந்த விளக்கு. அன்றிலிருந்து இந்த ரோட்டில் கடைசி இரண்டு பேர் ஜோடியாகத்தான் வருவார்கள். தனியாகக் கடைசியில் வரும் இடம் செத்துப்போன புனிதனுடையது.

முகுந்தன் இதையெல்லாம் கேட்டால் சிரிப்பான். விளக்கு சின்னத்தின் அழகையே கெடுக்கிறது என்று எடுத்துவிட்டான்.

“அதுல கை வெக்காத லா தம்பி,” என்று யாகப்பன் அண்ணன் ஒருவர்தான் தடுத்துப் பார்த்தார். கிளப்பின் பழைய ஆள் அவர். இன்று அவர் வரவில்லை. கடைசியில் தனியாக வரும்படி மனைவி விமலாவை வைத்தான் முகுந்தன். தான் பெரிய தைரியசாலி என்று அவனுக்கு நினைப்பு.

ஹெல்மெட் ஸ்பீக்கரில் விமலா பேசினாள்.

“ஏங்க, மோட்டார் இழுக்க மாட்டேங்குது. பின்னாடி கனமா இருக்கு.”

“ரோடு ஈரம் லா. கியர கொறச்சுக்க.”

தூறல் விழ ஆரம்பித்தது. பெட்ரோல் வாடையோடு எங்கிருந்தோ சேற்று வாடையும் வந்தது.

“ஏங்க.” குரல் அடங்கிப்போயிருந்தது. “யாரோ மூச்சு விடறாங்க. எனக்குப் பின்னாடி.”

முகுந்தன் மோட்டாரை ஓரங்கட்டி, மற்றவர்களைப் போகச் சொல்லிக் கை காட்டினான். ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். பிறகு வளைவில் விமலாவின் வெளிச்சம் தெரிந்தது.

அவள் தோளுக்கு மேல் இன்னொரு தலை.

ஹெல்மெட் இல்லாத தலை. தண்ணீர் சொட்டியது.

“திரும்பிப் பாக்காத,” என்று கிசுகிசுத்தான். “நிக்காத. என்னைத் தாண்டிப் போயிரு.”

“நீங்க?”

“போ விமலா. உனக்குப் பின்னாடி நான் வரேன்.”

அவள் தாண்டினாள். அந்த முகத்தைப் பார்க்கப் பயந்து அவன் தலையைக் குனிந்துகொண்டான். பாலத்துப் பலகைகள் தடதடவென்று அதிரும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்.

“தார் ரோட்டுக்கு வந்துட்டேங்க. இப்ப லேசா இருக்கு. எறங்கிட்டாங்கபோல.” அவள் அழுதாள்.

அப்பாடா, அவள் தப்பித்துவிட்டாள். அவனுக்கு அது போதும். மோட்டாரைக் கிளப்பினான். ரோட்டில் அவனுக்குப் பின்னால் வர யாருமில்லை. கடைசி ஆள் அவன்தான், அதுவும் தனியாக.

சீட்டின் பின்பக்கம் அமுங்கியது.

கண்ணாடியைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. முதுகில், பழைய சின்னத்தில் விளக்கு இருந்த இடத்தில், ஒரு நகம் தையலை மெல்ல மெல்லப் பிரித்துக்கொண்டிருந்தது.